கழுத்தைக் குனிய வைத்து ஒரு ஸ்கேன்

17, 18 வயதுப் பையன். நன்றாகச் சாப்பிடுகிறான், ஓடுகிறான், காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் இல்லை. ஆனால் ஒரு கை மட்டும், முழங்கைக்குக் கீழே, கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டு வருகிறது. வலி இல்லை. மரத்துப் போகவும் இல்லை. விரல்களை நீட்டச் சொன்னால் லேசாக நடுங்குகின்றன. குளிர்ந்த காலையில் அந்தக் கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இப்படி ஒரு பையன் உங்கள் வீட்டில் இருந்தால் நாள் கடத்தாமல் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், ஹிராயாமா நோய் என்ற பெயரைத் தெரிந்துகொண்டு போங்கள். இது அரிய நோய். நம் ஊர் டாக்டர்கள் பலர் படிக்கும்போது ஒரு வரியில் கடந்து போயிருப்பார்கள், நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் பெயரை நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எனக்கு இருப்பது அதுதான், வலது கையில். எங்கள் ஊர் உடுமலைப் பக்கம். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி மெக்கானிக்கல் டிப்ளமோ படித்த காலத்தில் ஆரம்பித்தது. என்றைக்கு ஆரம்பித்தது என்று என்னாலும் சொல்ல முடியாது, யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் அது அவ்வளவு மெதுவாக வருகிறது. ஒர்க்‌ஷாப் வகுப்பில் நட்டை விரலால் திருகும்போது பிடி நழுவியது. அப்புறம் சட்டைப் பட்டன். அப்புறம் பூட்டுச் சாவி. ரெக்கார்டு நோட்டு எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம் முடிவதற்குள் பேனா விரலை விட்டு விலகும். எல்லாவற்றையும் விட எனக்குக் கஷ்டமாக இருந்தது சாப்பாடுதான். விரல்கள் ஐந்தும் சேர்ந்து குவிந்தால்தானே சோறு வாய்க்கு வரும்? சுண்டுவிரலும் மோதிரவிரலும் மற்ற விரல்களோடு சேராமல் மடங்கி விலகி நின்றன, ரசஞ்சோறு இடுக்கு வழியாக இலையிலேயே இறங்கிவிடும், கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இலையைப் பார்ப்பார், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே விசேஷ வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

வீட்டில் முதலில் கவனித்தது அம்மா. "ஏங்கண்ணு, இந்தக் கை மட்டும் ஏன் ஒட்டிப் போயிருக்குது?" என்று இரண்டு கையையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. புறங்கையில் எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன. முன்கையின் உள்பக்கம், சுண்டுவிரல் பக்கம், தட்டையாகிவிட்டது. ஆனால் கட்டைவிரல் பக்கமாக முழங்கையிலிருந்து மணிக்கட்டை நோக்கி இறங்கும் தசை மட்டும் அப்படியே இருந்தது. இது ஹிராயாமா நோயின் அடையாளங்களில் ஒன்று என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. முன்கை முழுதாக மெலியாமல் சாய்வாக ஒரு கோடு போட்டதுபோல் ஒரு பக்கம் மட்டும் மெலியும். தெரிந்தவர்கள் பார்த்தால் கையைத் தொடாமலேயே சந்தேகப்படுவார்கள்.

தெரியாதவர்களிடம்தான் நாங்கள் முதலில் போனோம், வேறு எங்கே போவது? சுளுக்கு எடுப்பவர் எண்ணெய் போட்டு உருவினார். எலும்பு டாக்டர் கழுத்தில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, கழுத்து எலும்பு லேசாகத் தேய்ந்திருக்கிறது என்றார், டிப்ளமோ படிக்கும் பையனுக்குத் தேய்மானம். இன்னோர் இடத்தில் பி12 ஊசி போட்டார்கள், அதை எங்கள் ஊரில் நரம்பு ஊசி என்பார்கள். ஒரு எம்ஆர்ஐயும் எடுத்தார்கள், மல்லாக்கப் படுக்க வைத்து, கழுத்து நேராக. பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று அறிக்கை வந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. கை மட்டும் மெலிந்துகொண்டே இருந்தது.

இதற்கு நடுவில் ஒரு விஷயத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், பையன்கள் யாரும் இதைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். கை நடுங்குகிறது, மெலிகிறது என்றால் நம் ஊரில் உடனே கிடைக்கும் தீர்ப்பு நரம்புத் தளர்ச்சி. பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில், மாதம் ஒரு முறை லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பவர்களின் நோட்டீஸ்களில், அந்த நரம்புத் தளர்ச்சியைச் சுய இன்பத்தோடு முடிச்சுப் போட்டுத்தான் எழுதியிருப்பார்கள். எங்கள் மாமா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ள, கெட்ட பழக்கம் ஏதாவது இருந்தா விட்டுடு, எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். அவர் என் மேல் அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் அந்த வயதில் அது ஒரு பையனை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். கையை மறைக்கத் தொடங்குவான். முழுக்கை சட்டை போடுவான். அம்மாவிடம் காட்ட மாட்டான். இந்த நோயில் ஒவ்வொரு மாதமும் முக்கியம், அந்த மாதங்கள் வெட்கத்திலேயே போய்விடும். தம்பிகளே, இந்த நோய்க்கும் அந்தப் பழக்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. துளியும் இல்லை. கையை வெளியே காட்டுங்கள்.

சரி, உண்மையில் என்னதான் நடக்கிறது?

கெய்சோ ஹிராயாமா என்ற ஜப்பானிய நரம்பியல் மருத்துவர் தம் சகாக்களோடு சேர்ந்து 1959-இல் இதை எழுதினார். இளவயதில் ஒரு கையில் தசை வற்றிப் போகிறது, சில வருடங்களில் தானாக நின்றுவிடுகிறது, ஆகவே இது உயிரைக் குடிக்கும் இயக்க நரம்பணு நோய் (தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் உடம்பு முழுக்க அழிந்துகொண்டே போவது) அல்ல, வேறு ஒன்று என்று அவர் பிரித்துக் காட்டினார். அந்தக் காலத்தில் இப்படித் தசை வற்றினால் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுவார்கள், அதனால் அவர் சொன்னதைப் பலர் ஏற்கத் தயங்கினார்கள். இந்த நோயால் யாரும் சாவதில்லை என்பதால் உடற்கூறு ஆய்வுக்கும் வழியில்லை. இந்த நோய் இருந்த ஒருவர் வேறு காரணத்தால் இறந்தபோது, 1982-இல்தான், முதல்முறையாகத் தண்டுவடத்தைத் திறந்து பார்க்க முடிந்தது. கழுத்தின் கீழ்ப்பகுதியில் தண்டுவடம் முன்னும் பின்னுமாகத் தட்டையாகி, அதன் முன்பகுதியில் இருக்கும் இயக்க நரம்பணுக்கள் அழிந்திருந்தன. இரத்த ஓட்டம் குறைந்ததால் வந்த சேதம்போல் அது இருந்தது.

ஏன் அப்படி? தண்டுவடத்தைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. கழுத்தைக் குனிந்தால் முதுகெலும்புக் குழாயின் நீளம் கூடும், அதற்கு ஈடு கொடுக்க உறையில் தளர்வு இருக்க வேண்டும். பருவ வயதில் பையன்கள் சடசடவென்று உயரம் வளரும்போது எலும்பு வளர்கிற வேகத்துக்கு உறை வளரவில்லை என்றால் என்ன ஆகும்? போன வருடச் சட்டையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்குகிறவனுக்குச் சட்டை இழுத்துப் பிடிக்குமே, அதே கதைதான். நிமிர்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. குனியும்போது உறையின் பின்சுவர் விறைத்து முன்னால் வந்து தண்டுவடத்தை எலும்போடு சேர்த்து அழுத்தும். அந்த இடத்தில், கழுத்தின் ஏழாவது, எட்டாவது நரம்பு வேர்களுக்கும் மார்பின் முதல் வேருக்கும் உரிய நரம்பணுக்கள் இருக்கின்றன. விரல்களையும் உள்ளங்கையையும் முன்கையையும் இயக்குவது அவைதான். தொடு உணர்வைக் கொண்டுபோகும் பாதைகள் வேறு பக்கம் இருப்பதால் மரத்துப் போவது அநேகமாக இருக்காது. ஒரு நாளில் எத்தனை முறை குனிகிறோம்! படிக்கக் குனிகிறோம், எழுதக் குனிகிறோம், சாப்பிடக் குனிகிறோம், போனைப் பார்க்கக் குனிந்தபடியே கிடக்கிறோம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அழுத்தம், கொஞ்சம் இரத்தக் குறைவு. இதுதான் பெரும்பாலோர் ஏற்கிற விளக்கம். ஏன் எல்லாப் பையன்களுக்கும் வருவதில்லை, ஏன் பெண்களுக்கு மிகவும் குறைவு என்பதற்கும் வளர்ச்சி வேகத்தைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

ஜப்பானில் கண்டுபிடித்ததால் அங்கே மட்டும் இருப்பது என்று நினைக்க வேண்டாம். சீனா, தைவான், கொரியா, மலேசியா, இலங்கை, இந்தியா என்று ஆசிய நாடுகளில்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது. பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸிலிருந்து டாக்டர் கௌரி தேவியும் அவருடைய குழுவினரும் 1984-இல் 23 பேரைப் பற்றி எழுதினார்கள். அதில் சிலருக்குக் கையில் வராமல் காலில் வந்திருந்தது, அதனால் ஓர் உறுப்பில் மட்டும் தசை வற்றுவது என்ற பொருளில் மோனோமெலிக் அமையோட்ரபி என்று பெயர் வைத்தார்கள். உங்கள் டாக்டர் இந்தப் பெயரைச் சொன்னாலும் கையைப் பொறுத்தவரை ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்.

இணையத்தில் தேடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், நானும் தேடியவன்தான். ஆனால் "கை மெலிதல், வலி இல்லை, நடுக்கம்" என்று தேடினால் முதலில் வந்து நிற்பது ஏஎல்எஸ், மேலே சொன்ன அந்த உயிரைக் குடிக்கும் இயக்க நரம்பணு நோய். அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. கூடவே மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய் என்று ஒன்று வரும், நம் மாநிலத்தின் பெயரே அதில் இருப்பதால் பயம் இரட்டிப்பாகும். அது 1970-இல் சென்னை மருத்துவர்கள் விவரித்தது, இளவயதில் வருவது, தென்னிந்தியாவில்தான் அதிகம். ஆனால் அதில் முகத் தசைகளும் விழுங்குவதும் பாதிக்கும், பலருக்குக் காது கேட்பதும் குறையும். ஒரு கையோடு நிற்காது. ஏஎல்எஸ் பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வருவது, அதில் கட்டைவிரல் பக்கத் தசைதான் முதலில் அதிகமாக வற்றும். ஹிராயாமாவில் சுண்டுவிரல் பக்கம் அதிகமாக வற்றும். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் அந்த இரவில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியில் நோயைப் பிடித்தவர் வயதான ஒரு நரம்பியல் மருத்துவர். ரிப்போர்ட் கட்டை ஓரமாக வைத்துவிட்டு நேராகக் கையைப் பார்த்தார். இரண்டு முழங்கைக்கும் பின்னால் விரலை வைத்து நரம்பை உருட்டிப் பார்த்தார். என்ன பார்க்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. விரல் மடங்கிய கையோடு வருகிறவருக்கு நம் ஊரில் முதலில் விலக்க வேண்டியது தொழுநோய். அதில் அந்த நரம்பு தடித்திருக்கும், சுண்டுவிரல் பக்கம் உணர்ச்சி இருக்காது. எனக்கு இரண்டும் இல்லை. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், அதில் தசைத் துடிப்பு இல்லை. முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, குளிர்ல இந்தக் கை இன்னும் மோசமா இருக்குமா?"

அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. மார்கழிக் காலையில் ஹாஸ்டலில் தண்ணீர் மொள்ளும்போது மக் கையிலிருந்து விழும், வெயில் ஏறியதும் அதே கை ஓரளவு வேலை செய்யும், இதை நான் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எம்ஆர்ஐ சீட்டு எழுதினார், இந்த முறை கழுத்தைக் குனிய வைத்து, படம் தெளிவாகத் தெரிய இரத்தக் குழாய் வழியாக மருந்து செலுத்தி எடுக்கச் சொல்லி.

இந்தப் பதிவில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கழுத்து நேராக இருக்கும்போது எடுக்கும் எம்ஆர்ஐயில் இந்த நோய் தெரியாமல் போகலாம். தண்டுவடத்தின் கீழ்க்கழுத்துப் பகுதி கொஞ்சம் மெலிந்திருப்பது, கழுத்தின் இயல்பான வளைவு இல்லாமல் இருப்பது என்று சில தடயங்கள் நேர் ஸ்கேனிலும் கிடைக்கும்தான், ஆனால் இந்த நோயை மனதில் வைத்துப் பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும்தான் அவை படும். குனிந்த நிலையில் எடுத்தால் உறையின் பின்சுவர் முன்னால் நகர்ந்திருப்பது அப்பட்டமாகத் தெரியும், அது விட்டுப் போன இடத்தில் இரத்தம் தேங்கிய நாளங்கள் பிறை வடிவில் பளிச்சென்று தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. முன்பு ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்த அதே கழுத்துதான். ஸ்கேன் மையங்களில் இதற்குக் கொஞ்சம் முனகுவார்கள், கழுத்துக்கு மேல் பொருத்தும் கூடு குனிந்த தலைக்குச் சரியாக உட்காராது, தலைக்கு அடியில் எதையாவது வைத்துச் சரிசெய்ய வேண்டும், நேரமும் கூடுதலாக ஆகும். அதனால் சீட்டில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று படுப்பதற்கு முன்பே பாருங்கள், இல்லையென்றால் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுப் படுங்கள். இன்னொன்று, நோய் நின்று பல வருடம் ஆனபிறகு எடுத்தால் குனிந்த ஸ்கேனிலும் அந்த நகர்வு தெரியாமல் போகலாம். பாதிப்பு ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில் எடுப்பதுதான் பயன்.

தசையில் ஊசி குத்தி அதன் மின் துடிப்பைப் பார்க்கும் ஈஎம்ஜியும் நரம்பு வேகப் பரிசோதனையும் கூடவே எடுப்பார்கள். ஊசி குத்துவது கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் கை தசை வற்றுவதில் மருந்துக்குக் கட்டுப்படும் ஒரு நோயும் இருக்கிறது, மல்டிஃபோகல் மோட்டார் நியூரோபதி என்று பெயர், அதிலும் வலியோ மரப்போ இல்லாமல் கைதான் பலவீனமாகும், அதற்கு இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் பலன் கிடைக்கும். அதை விட்டுவிடக் கூடாது. அந்தப் பரிசோதனைதான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

ஹிராயாமாவுக்கு மாத்திரை இல்லை. ஸ்டீராய்டு, நரம்பு ஊசி, டானிக், எதுவும் இதை நிறுத்தாது. செய்ய வேண்டியது ஒன்றுதான், கழுத்தைக் குனிய விடாமல் பார்த்துக்கொள்வது. அதற்குக் கழுத்துப் பட்டை, அதாவது காலர். அவ்வளவு எளிமையா என்று கேட்பீர்கள், போட்டுப் பார்த்தால் தெரியும். கோடையில் வியர்வையில் தோல் புண்ணாகும். படிக்கட்டில் கால் வைக்கும் இடம் தெரியாது. பஸ்ஸில் ஏறினால் ஆக்சிடெண்டா தம்பி என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். இதைச் சில வாரத்துக்குப் போட்டால் போதாது, வருடக் கணக்கில், நோய் ஓடும் காலம் முழுக்கப் போட வேண்டும். காலர் போட்டவர்களுக்கு நோய் முன்னதாகவே நிற்கிறது என்று ஹிராயாமாவின் குழுவே பிற்பாடு எழுதியது. சிலருக்குக் காலர் போட்டும் நிற்காது, அல்லது வேகமாகப் போகும், அவர்களுக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்கிறார்கள், எலும்புகளை இணைப்பது, உறையைத் தளர்த்திவிடுவது என்று வெவ்வேறு முறைகள். எனக்கு அது தேவைப்படவில்லை.

காலரோடு சேர்த்து வீட்டில் பல மாற்றங்கள் செய்தோம். அப்பா தச்சரிடம் சொல்லிச் சாய்வு மேசை ஒன்று செய்துகொடுத்தார், புத்தகம் கண்ணுக்கு நேராக வந்தது. தலையணை மெல்லியதாயிற்று. போனைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். கல்லூரி யோகா வகுப்பில் ஹலாசனம், சர்வாங்காசனம் போன்று கழுத்தை மடக்கும் ஆசனங்களை டாக்டர் வேண்டாம் என்றார். அம்மா என் தட்டை முக்காலி போட்டு உயர்த்தி வைத்தார். அதில் சாப்பிட்டபோது குனிய வேண்டியிருக்கவில்லை, சோறும் குறைவாகத்தான் சிந்தியது.

நல்ல செய்தி என்னவென்றால் இந்த நோய் நிற்கும். பெரும்பாலோருக்கு ஒன்று முதல் ஐந்து வருடத்துக்குள் நின்றுவிடுகிறது. வளர்ச்சி முடிந்ததும் உறைக்கும் எலும்புக்கும் இருந்த இழுபறி தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மேலே ஏறாது, மூச்சுக்கோ விழுங்குவதற்கோ வராது, ஆயுளைக் குறைக்காது. வருத்தமான செய்தி, போன சதை திரும்பாது. அழிந்த நரம்பணு மறுபடி முளைப்பதில்லை. பிசியோதெரபி செய்தால் இருக்கும் தசையை நன்றாகப் பயன்படுத்தலாம், விரல்கள் மடங்கி இறுகிப் போகாமல் காக்கலாம், ஆனால் குழி விழுந்த இடம் நிரம்பாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் காலர் போட்டும் கை பழையபடி ஆகவில்லையே என்று நடுவில் கழற்றி எறிகிற பையன்கள் இருக்கிறார்கள். காலர் போடுவது மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற. அதனால்தான் எப்போது கண்டுபிடிக்கிறோம் என்பது இவ்வளவு பெரிய விஷயம். முதல் வருடம் கண்டுபிடித்தவன் கையும் நான்காம் வருடம் கண்டுபிடித்தவன் கையும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. என் கை நின்ற இடத்தில் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் முன்னால் நின்றிருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு இன்றும் உண்டு, இதை எழுதுவதே அதனால்தான்.

விரல் அசைவு மிகவும் குறைந்தவர்களுக்கு, நோய் நின்று சில காலம் ஆனபிறகு, தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை ஒரு வழி. நன்றாக இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, வேலை செய்யாத விரலுக்கு இணைப்பார்கள். தொழுநோயால் விரல் மடங்கியவர்களுக்கு வேலூர் சிஎம்சியில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் இந்த வகைச் சிகிச்சையைத் தொடங்கி உலகத்துக்கே காட்டினார். அதே வழிமுறை இப்படிப்பட்ட கைகளுக்கும் உதவுகிறது என்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது, நம் மாவட்டத்துக்குச் சில மணி நேரத் தொலைவில் நடந்த வேலை அது.

நான் இப்போது டிசைன் வேலையில் இருக்கிறேன், கணினியில் கேட் (CAD) வரைபடங்கள் போடுவது. மவுஸ் இடது கைக்கு மாறிவிட்டது. ஆபீஸ் ஏசி என் கைக்கு ஆகாது, கம்பளிக் கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டுப் போட்டுக்கொள்கிறேன். பைக் ஓட்டுகிறேன், குளிர் காலத்தில் விடியற்காலையில் மட்டும் ஓட்டுவதில்லை, முன் பிரேக் வலது கையில் இருக்கிறது, நம்ப முடியாது.

படிக்கிற பையன்களுக்கு இன்னொன்று. எழுத முடியவில்லை என்பதற்காகப் படிப்பை விட வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது, 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு என்று சான்றிதழ் இருந்தால் பரீட்சையில் நாம் சொல்ல எழுதுவதற்கு ஸ்க்ரைப் வைத்துக்கொள்ளலாம். ஒரு கை மட்டும் மெலிந்தவர்களுக்குப் பல நேரம் அந்த 40 வராது, அங்கேதான் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் எழுதுவதில் சிக்கல் உள்ள ஒருவர் யூபிஎஸ்சி தேர்வு தொடர்பாகத் தொடுத்த வழக்கில், 40 சதவீதம் இல்லை என்பதற்காக ஸ்க்ரைப் மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை ஒட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி வழிகாட்டு நெறிகளும் கொடுத்தது. எழுதுவதில் சிரமம் என்று மருத்துவச் சான்று இருந்தால் ஸ்க்ரைப்போ, ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமோ, இரண்டுமோ தரலாம் என்று அதில் இருந்தது. கல்லூரி அலுவலகத்தில் தெரியாது என்பார்கள், இப்போது நடப்பில் இருக்கும் ஆணை எது என்று பார்த்து, அதை அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள். விண்ணப்பத்தைத் தேர்வுக்கு முதல் நாள் கொடுக்காமல் பருவத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

பெற்றோர்கள் கேட்கத் தயங்கும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பெண் பார்க்கும்போது அந்த வீட்டுப் பெரியவர் நேரடியாகவே கேட்டார், அவர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளைகளுக்கு வருமா? பெரும்பாலும் இது பரம்பரை நோய் அல்ல, என்னைப் போன்றவர்களின் குடும்பத்தில் தேடினால் வேறு யாருக்கும் இருக்காது. மிகச் சில குடும்பங்களில் இரண்டு பேருக்கு வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அதனால் அண்ணனுக்கு வந்துவிட்டது என்று தம்பியைப் பார்த்துப் பயந்துகொண்டே இருக்க வேண்டாம், ஆனால் அவன் உயரம் வளரும் வருடங்களில் அவ்வப்போது இரண்டு கையையும் மேசை மேல் வைக்கச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் அவனையும் அதே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.